தோளால் இடித்துச் சாத்தும் வாசல் கதவு: இழைப்புளியை எடுப்பதற்கு முன்

புது வீட்டில் பால் காய்ச்சி நாலு மாதம்கூட ஆகியிருக்காது. தேக்குக் கதவு, பித்தளைக் கீல், முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ். ஆனால் சாத்துவதற்கு மட்டும் தோளைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆசாரிக்கு போன் போட்டால் இழைப்புளியோடு வருவார், முட்டுகிற இடத்தில் நாலு இழுப்பு இழுப்பார், கதவு சாத்திவிடும். ஐப்பசியில் அப்படி இழைத்த கதவின் ஓரத்தில் சித்திரையில் பகல் வெளிச்சம் தெரியும். அடுத்த ஐப்பசியில் அதே கதவு வேறு மூலையில் முட்டும்.

கதவு முட்டுகிற இடம் ஒன்று, கோளாறு இருக்கிற இடம் பெரும்பாலும் இன்னொன்று. பூட்டுப் பக்கத்து மேல் மூலை உரசினால் பார்க்க வேண்டியது எதிர்ப்பக்கத்து மேல் கீலை. திருகை இறுக்கியது தப்பாகப் போனால் திரும்பத் தளர்த்திக்கொள்ளலாம். இழைத்துத் தள்ளிய மரத்தை யாரும் ஒட்டித் தர மாட்டார்கள். அதனால் முதலில் கீல், அடுத்து நிலை, அடுத்து தரை. மரத்தில் கை வைப்பது கடைசியில்.

சந்து என்ன சொல்கிறது

ஆசாரிகள் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். கதவுக்கும் நிலைக்கும் நடுவே மேலேயும் இரு பக்கமும் ஒரு நூல், அதாவது 3 மி.மீ. சந்து இருக்க வேண்டும். அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. டைல்ஸ் போடுபவர்கள் வைத்திருக்கும் 3 மி.மீ. பிளாஸ்டிக் ஸ்பேசர் ஒன்று போதும். கதவைச் சாத்தி, பக்கவாட்டில் மேல், நடு, கீழ் என்று மூன்று மூன்று இடங்களிலும் தலைப்பக்கம் இரண்டு இடங்களிலும் அதைச் செருகிப் பாருங்கள். நுழையாத இடத்தையும் தாராளமாக ஆடுகிற இடத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உரசுகிற இடம் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால், நிலையின் உள் விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து ஒருமுறை சாத்தித் திறந்தால் கதவில் வெள்ளை ஒட்டிய இடம்தான் அது.

இப்போது தாளைப் பாருங்கள். கீல் பக்கம் மேலே சந்து அகன்று, பூட்டுப் பக்கம் மேலே இறுகி, கீழ் மூலை தரையில் இழுபட்டால் கதவு தொங்கிவிட்டது. கீல் பக்கம் சந்தே இல்லாமல், சாத்தும்போது கடைசி இரண்டு அங்குலத்தில் ஸ்பிரிங் வைத்ததுபோல எகிறித் திரும்பினால் கீல் பக்கம் இறுக்கம். சந்து எல்லாம் சரியாக இருந்தும் மேலே காடியில் (நிலையில் கதவு வந்து அமரும் வெட்டில்) ஒட்டி, கீழே அரை அங்குலம் துருத்திக்கொண்டு நின்றால் நிலையோ கதவோ முறுக்கியிருக்கிறது. பக்கவாட்டுச் சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் குறைந்திருந்தால்தான் மரம் ஊதியது என்ற பேச்சுக்கே இடம்.

தொங்கிய கதவு

பத்துக் கதவில் பாதிக்கு மேல் இந்த வகைதான். மூன்றடி அகலம், ஆறேமுக்கால் அடி உயரம், 38 மி.மீ. கனத்தில் தேக்குக் கதவு 45 கிலோவை ஒட்டி வரும். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் நடுவே ஐந்தேகால் அடி என்று வையுங்கள். அந்த எடை மேல் கீலை நிலையிலிருந்து பிடுங்கும் இழுப்பு, கதவு திறந்திருந்தாலும் சாத்தியிருந்தாலும், இரவும் பகலும் 13 கிலோ. கைப்பிடியில் தொங்கி ஊஞ்சல் ஆடும் 20 கிலோப் பிள்ளை அதோடு இன்னும் 10 கிலோ சேர்க்கும். இத்தனையையும் தாங்குவது நாலு திருகு.

அந்த நாலு திருகும் எப்படி உள்ளே போயின என்பதில்தான் வினை. முக்கால்வாசி சுத்தியலால் அடித்து இறக்கி, கடைசி இரண்டு சுற்று மட்டும் ஸ்குரூடிரைவரால் திருப்புவது பல இடங்களில் வழக்கம். அடித்த திருகின் மரை மரத்தைக் கவ்வாது, நாரைக் கிழித்துக்கொண்டு போகும். மாட்டிய அன்று இறுக்கமாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் மேல் கீல் நிலையைவிட்டு 2 மி.மீ. விலகும். அந்த 2 மி.மீ. அப்படியே பூட்டுப் பக்கத்து மேல் மூலையைத் தள்ளி உரசவைக்கும். கதவின் அந்தப் பக்கம் ஒரு மி.மீ.க்கு மேல் கீழே இறங்கவும் செய்யும், ஆல்ட்ராப், டவர் போல்ட் போன்ற தாழ்ப்பாள் துளையில் விழாமல் அடம்பிடிக்கத் தொடங்கும்.

சோதிக்க எளிய வழி: கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்குங்கள். இன்னொருவர் மேல் கீலையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். தகடு மரத்திலிருந்து எழுந்து அமர்ந்தால் திருகு தளர்வு. தகடு அசையாமல் குழலும் ஊசியும் மட்டும் ஆடினால் கீலே தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

திருகு தளர்வென்றால், கதவின் அடியில் இரண்டு ஆப்பு செருகி எடையைத் தாங்கவைத்துவிட்டு, ஒவ்வொரு திருகாகக் கழற்றுங்கள். துளை பெருத்திருந்தால் 10 மி.மீ. டிரில்லால் அதை நேராக்கி, அதே கனத்தில் தேக்குக் குச்சி செதுக்கி, மரப்பசை தடவி அடித்து இறக்குங்கள். 24 மணி நேரம் விடுங்கள். தீக்குச்சியைப் பசையில் தோய்த்துச் செருகுவது அவசரத்துக்குச் சரி. 45 கிலோக் கதவின் மேல் கீலுக்கு அது நிரந்தரம் இல்லை. குச்சியின் பசை காய்ந்தபின் 3 மி.மீ. துளை போட்டு, 10-ஆம் நம்பர் திருகைத் திருப்பியே இறக்க வேண்டும். மரையில் கொஞ்சம் மெழுகோ சோப்போ தேய்த்தால் சுகமாகப் போகும். கதவுப் பக்கம் 2 அங்குலம், நிலைப் பக்கம் 3 அங்குலம். பித்தளைத் திருகு என்றால் அதே அளவு இரும்புத் திருகை ஒருமுறை ஓட்டி வழி பண்ணிவிட்டு அப்புறம் இதைப் போடுங்கள், இல்லாவிட்டால் தலை முறியும். கடலோர ஊர்களில் இரும்புத் திருகை அப்படியே விட்டுவிடக் கூடாது. துரு சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கவைத்துப் பொடியாக்கும்.

திருகெல்லாம் இறுகியும் கதவு ஒரு மி.மீ. தொங்குகிறதா? கீழ்க் கீலின் தகட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு வைத்தால் பூட்டுப் பக்கம் தூக்கிக்கொடுக்கும். 1 மி.மீ. துண்டு வைத்தால் ஏறத்தாழ அரை மி.மீ. உயரும். கல்யாணப் பத்திரிகை அட்டை சோதனைக்கு நல்லது. அளவு பிடிபட்டதும் அதை எடுத்துவிட்டு, அலமாரி வேலையில் மிஞ்சிய மைக்காவிலிருந்து கீல் தகட்டின் அளவுக்கு வெட்டி வையுங்கள். வெளிக்கதவில் அட்டை ஈரம் குடித்து நைந்துபோகும். மேல் கீலுக்குப் பின்னால் துண்டு வைத்தால் கதவு இன்னும் தொங்கும்; அவசரத்தில் பலர் செய்யும் தப்பு இது.

எகிறித் திரும்பும் கதவுக்கும் மருந்து இதே மைக்காதான். கீல் உட்காரும் பள்ளத்தை உளியால் ஆழமாகப் பறித்துவிட்டால் கதவின் விளிம்பு நிலையில் முட்டி நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். கையை எடுத்ததும் கதவு திரும்பி வரும். எல்லாக் கீலுக்கும் பின்னால் ஒரே கனத்தில் துண்டு வையுங்கள். அதற்கு முன் திருகுத் தலைகளைத் தடவிப் பாருங்கள். 8-ஆம் நம்பருக்குச் செய்த குழியில் 10-ஆம் நம்பர் திருகைப் போட்டு, தலை தகட்டுக்கு மேலே துருத்தி நின்று, எதிர்த் தகட்டுத் திருகோடு முட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் திருகை மாற்றினாலே தீர்ந்தது.

நிலை நேராக இருக்கிறதா

நம் ஊரில் நிலைக்குச் செலுத்தும் கவனமெல்லாம் அதை வைக்கும் நாளோடு முடிந்துவிடுகிறது. மஞ்சள் குங்குமம் வைத்து, நல்ல நேரத்தில் நிமிர்த்தி, அதன்பின் கொத்தனார் சுவரை எழுப்புவார். இரு கால்களையும் இணைத்து அடித்திருந்த ரீப்பரை (மெல்லிய மரச்சட்டத்தை) யாரோ சாரத்துக்குத் தேவையென்று பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள். கலவையைக் குத்திக் குத்தி அடைக்கும்போது நிலைக்கால் நடுவில் உள்ளே வளையும். பூச்சின் ஈரத்தையும் மரம் குடிக்கும். பூச்சு முழுதாகக் காயும்வரை கீழே, நடுவே என்று இரண்டு ரீப்பர் அப்படியே இருக்க வேண்டும்.

இனி அதைச் சொல்லிப் பயனில்லை என்றால், அளந்து பாருங்கள். அகலத்தை மேல், நடு, கீழ் மூன்று இடத்தில். நடுவில் குறைந்தால் கால் வளைந்திருக்கிறது. மூலைவிட்டம் இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் நிலை சாய்சதுரமாகிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு திசையிலும் தூக்குக் குண்டு விட வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்க்கும் திசையில் விடுவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

முறுக்கலைப் பிடிக்க நூலைவிட நல்ல கருவி இல்லை. நாலு மூலையிலும் சின்ன ஆணி அடித்து, மூலைக்கு மூலை இரண்டு நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் நின்றால் நிலை ஒரே தளத்தில் இருக்கிறது. நடுவில் 3 மி.மீ. விலகல் இருந்தால் ஒரு மூலை 6 மி.மீ. வெளியேறி நிற்கிறது என்று அர்த்தம்.

6 மி.மீ. முறுக்கலுக்குச் சுவரை உடைக்க வேண்டாம். கதவு காடியில் எந்த மூலையில் முதலில் முட்டுகிறதோ, அதே உயரத்திலுள்ள கீலைக் காடியிலிருந்து விலக்கி வெளியே நகர்த்துங்கள். எதிர்க் கோடியிலுள்ள கீலை அதே அளவு உள்ளே தள்ளுங்கள். மேலே முட்டுகிறதென்றால் மேல் கீல் 3 மி.மீ. வெளியே, கீழ்க் கீல் 3 மி.மீ. உள்ளே, நடுக் கீல் இருந்த இடத்திலேயே. மூன்று கீலின் குழலும் ஒரே நூலில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்ப்பது கட்டாயம். நடுக் கீல் ஒரு மி.மீ. விலகினாலும் கதவு கிறீச்சிட்டுக்கொண்டு நெம்பும், திருகு ஒவ்வொன்றாகக் கழன்றுவரும். பழைய துளைகளைத் தேக்குக் குச்சியால் அடைக்காமல் 3 மி.மீ. தள்ளிப் புதுத் துளை போட முடியாது. திருகு வழுக்கிப் பழைய இடத்துக்கே போய்விடும். 6 மி.மீ.க்கு மேற்பட்ட முறுக்கலென்றால் பாதியைக் கீலிலும் மீதியைக் காடியை இழைத்தும் சரிக்கட்டலாம். அரை அங்குலத்தைத் தாண்டினால் நிலையைக் கழற்றி மறுபடி வைப்பதுதான் நேர்மையான வேலை.

நிலையே ஆடுகிறது, கதவைச் சாத்தும்போது பூச்சில் கோடு விழுகிறது என்றால் நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டையான ஹோல்ட்ஃபாஸ்டுக்குப் பிடியில்லை. காலுக்கு மூன்று இடத்தில் மரத்தின் வழியாகச் செங்கல்லுக்குள் 10 மி.மீ. ஃபிரேம் ஆங்கர் (நிலையைச் சுவரோடு இறுக்கும் நீள போல்ட்) போட்டு இறுக்குங்கள். இறுக்கும் இடத்துக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால் முதலில் அங்கே மரத்துண்டோ பிளாஸ்டிக் துண்டோ செருக வேண்டும். வெறும் இடத்தில் இறுக்கினால் போல்ட் நிலையைச் சுவரை நோக்கி வளைத்துவிடும். சந்தை நிரப்பும் பியூ ஃபோம் இதற்கு நேர்மாறாக, ஊதி உள்ளே வளைக்கும். ஃபோம் அடிப்பதற்கு முன் குறுக்கே ரீப்பர், அளவாக ஃபோம், மறுநாள்தான் ரீப்பரைக் கழற்றுவது.

தரை விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். கிரானைட் போடுவதற்கு முன்பே கதவை மாட்டியிருந்தால், 18 மி.மீ. கல்லும் அதனடிக் கலவையுமாகச் சேர்ந்து இரண்டு அங்குலம் உயர்ந்துவிடும். அந்த நிலையில் அடியை வெட்டாமல் வழியில்லை. வெட்டும்போது மிதியடியையும் கணக்கில் சேருங்கள். 10 மி.மீ. சந்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டு 15 மி.மீ. தேங்காய்நார் மிதியடி வாங்கிப் போடும் வீடுகள் நிறைய.

மரம் ஊதுவது

மரம் நீளவாக்கில் ஊதுவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் ஊதும். தேக்கில் ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் அகலத்தில் அதிகபட்சமாக 0.2 சதவீதத்தை ஒட்டிக் கூடும். கேட்க அற்பமாக இருக்கும். கோடையில் 12 சதவீதத்தில் இருந்த மரம், வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் ஈரக்காற்று நின்றால் 16-ஐ நோக்கிப் போகும். பக்கச் சட்டம் இரண்டும் ஐந்தங்குலமாக உள்ள பலகைச் சட்டக் கதவில் அது மொத்தம் 2 மி.மீ. மூன்றடிக்கும் பலகைகளை ஒட்டிச் செய்த ஒரே தளக் கதவில் 7 மி.மீ. இரண்டு பக்கமும் ஒரு நூல் விட்டாலும் சந்து 6 மி.மீ.தான். சட்டத்துக்குள் பலகையைக் காடியில் ஒட்டாமல் விடும் பழைய முறை அழகுக்காக வந்ததில்லை என்பது இந்தக் கணக்கில் தெரியும். இப்போது செதுக்கு வேலைக்காக ஒரே தளமாக ஒட்டிய கதவு கேட்பவர்கள் இந்த 7 மி.மீ.யையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

இதிலிருந்து ஒரு நோய்க்குறியும் கிடைக்கிறது. பக்கச் சட்டம் மேலிருந்து கீழ்வரை ஒரே நீளமாக ஓடுவதால், மழைக்குக் கதவின் உயரம் சொல்லும்படி மாறாது. மேலேயோ கீழேயோ முட்டுகிறதென்றால் அதற்கு மழையைக் குறை சொல்லாமல் கீலையும் நிலையையும் தரையையும் பாருங்கள்.

ஈரம் ஏறுகிற வழி எது? ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, கைபேசியைக் கதவின் தலைக்கு மேலே நீட்டி ஒரு படம் எடுங்கள். முன்னும் பின்னும் பளபளக்கும் கதவின் தலைப்பக்கம் பெரும்பாலும் வெறும் மரமாக, இரம்பம் போன தடத்தோடு, சிமெண்டுத் தூசி படிந்து கிடக்கும். அடிப்பக்கமும் அப்படித்தான். கண்ணுக்குப் படாத இடத்துக்குப் பாலிஷ்காரர் கூலி கேட்பதில்லை, அடிப்பதும் இல்லை. நார் வெட்டுப்பட்ட முனைகள்தான் ஸ்ட்ரா மாதிரி ஈரத்தை உறிஞ்சும். பின்வாசலுக்குப் போடும், ஒட்டுப்பலகை முகம் கொண்ட ஃபிளஷ் கதவில் இது இன்னும் மோசம்: அடியை வெட்டிவிட்டு அப்படியே விட்டால், வாசல் கழுவும் தண்ணீர் ஏறி, கனம் பெருத்து, காடிக்குள் நுழையாது. அதன்பின் ஒட்டுப்பலகை ஏடு ஏடாகப் பிரியும்.

எனவே மழையில் இறுகிய கதவுக்கு முதல் வைத்தியம் காத்திருப்பதுதான். உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பிசுக்காகும். தை, மாசியில் கதவு காய்ந்து தளர்ந்ததும் கழற்றி, தலை, அடி, கீல் பள்ளம், பூட்டுக் குழி எல்லாவற்றிலும் சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) இரண்டு கை, அதன்மேல் வெளிப்புற வார்னிஷ் இரண்டு கை. கழற்ற முடியாத நிலைமையில், பழைய கார்பெட் துண்டை வார்னிஷில் நனைத்து, கதவின் அடியில் செருகி, இருவர் இரு பக்கமும் பிடித்து இழுத்தால் அடிவிளிம்பு பூச்சுப் பெறும்.

இழைக்கத்தான் வேண்டும் என்றால்

எல்லாம் பார்த்தபின்னும் சந்து போதவில்லை என்றால் இழையுங்கள். எந்தக் காலத்தில் இழைக்கிறோம் என்பது முக்கியம். கோடையில் சரிசெய்தால் ஒரு நூல் சந்து விடுங்கள். அடைமழையில் செய்தால் 2 மி.மீ. போதும், மரம் சுருங்கும்போது மீதி தானாக வரும்.

கதவைச் சாத்தி, நிலையை ஒட்டி 3 மி.மீ. பட்டையை வைத்து, அதன் ஓரமாகக் கதவின் மேல் பென்சில் கோடு போடுங்கள். கழற்றும்போது கீழ்க் கீல் முதலில், மேல் கீல் கடைசியில். மாட்டும்போது மேல் கீல் முதலில். எப்போதும் இரண்டு ஆள். ஒன்றரை மி.மீ.க்குள் என்றால் பூட்டுப் பக்கத்தில் 60-ஆம் நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்தாலே போதும். அதற்கு மேலென்றால் கீல் பக்கத்தை இழைத்துக் கீல் பள்ளத்தை அதே அளவு ஆழப்படுத்துவது மேல். பூட்டு பதித்த பக்கத்தை இழைத்தால் பூட்டின் முகத்தகடு துருத்தி நிற்கும். தலைப்பக்கம் இழைக்கையில் இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி ஓட்டுங்கள். ஒரே இழுப்பாக வெளியே ஓட்டினால் சட்டத்தின் முனை பிளந்து சிம்பு எழும்.

பூட்டுப் பக்க விளிம்பு மூலைமட்டத்துக்கு நேராக இருக்கக் கூடாது. காடிக்குள் முதலில் நுழையும் முனை கீலின் ஊசியிலிருந்து தூரமாக இருப்பதால் பெரிய வட்டம் அடிக்கும். மூன்றடிக் கதவில் அந்த வித்தியாசம் முக்கால் மி.மீ.; இரட்டைக் கதவின் ஒன்றரையடி இலையில் அதுபோல இரண்டு மடங்கு. 38 மி.மீ. கனத்துக்கு அந்த முனையில் 2 மி.மீ. சாய்வு கொடுத்தால் இரண்டுக்கும் சரியாகும். இழைத்த இடத்துக்கு அன்றைக்கே சீலர் அடித்துவிடுங்கள், மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) கதவில் இழைப்பு என்ற பேச்சே கிடையாது. சரிசெய்யும் வசதியுள்ள கீல் என்றால் மூடியைக் கழற்றியதும் ஆலன் கீ போடும் துளை தெரியும். கால் சுற்று திருப்பி, சாத்திப் பார்த்து, மறுபடி கால் சுற்று என்று போக வேண்டும். மேற்குப் பார்த்த வாசலில் மாலையில் மட்டும் இறுகுகிறதென்றால் அது வெயில் சூடு. காலையில் அளந்து சரிசெய்தால் சாயங்காலம் திரும்ப முட்டும்.

பூட்டின் நாக்கு விழும் தகட்டை எல்லாம் முடிந்தபிறகே தொடுங்கள். நகர்த்திய கீல் எடையில் அமர ஒரு வாரம் கொடுங்கள். பிறகு நாக்கின் முனையில் உதட்டுச்சாயமோ ஈரச் சாக்பீஸோ தடவிச் சாத்தினால், தகட்டில் எங்கே இடிக்கிறது என்று தெரியும். ஒரு மி.மீ., ஒன்றரை மி.மீ. என்றால் அரத்தால் தகட்டின் துளையை அந்தப் பக்கம் ராவுங்கள். அதற்கு மேலென்றால் தகட்டைக் கழற்றி, பழைய துளைகளை அடைத்து, பசை காய்ந்தபின் புது இடத்தில் பதியுங்கள்.